கொள்ளைநோய்க் காலத்துக் கண்தானம்

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர் பெரியோர். அச்சிரசிற்குக் கண்ணே பிரதானம் என்பதை மறுப்பார் இலர். அன்பிற்குரியாரைக் 'கண்ணே' என விளிப்பதும், அருமையாகப் பேணுதலைக் 'கண்ணைப்போற் காத்தல்' என்பதும் நம் மொழியின் வழக்கு. அத்தகைய கண்ணின் ஒளியை இழந்தார்க்கு, இறந்தார் ஒருவரின் கருவிழியைப் பொருத்தி மீண்டும் பார்வை அளிக்கும் வித்தை கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிப் படிப்படியாக வளர்ந்தது. ஆயின், 2020ஆம் ஆண்டிலே கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியபோது, அவ்வித்தை பல நாடுகளில் ஏறத்தாழ நின்றே போயிற்று. இறந்தாரின் கண்வழியே நோய் பரவுமோ என்னும் அச்சம் அதற்கு ஒரு பெருங் காரணம். அவ்வச்சம் நியாயமானதா? அதன் பொருட்டுக் கண்தானத்தை நிறுத்தியது தகுமா? இனி ஒரு கொள்ளைநோய் வருங்கால் நாம் செய்யத்தக்கது யாது? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கருவிழியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கடிகாரத்தின் முகப்பை மூடியுள்ள கண்ணாடியைப்போலக் கண்ணின் முன்புறத்தே அமைந்த தெளிந்த படலமே அது. பெயர் கருவிழியாயினும் அதற்குக் கருமை இல்லை. பின்னுள்ள பாகங்களின் நிறமே அதனூடே தோன்றுகின்றது. நடுவிடத்தில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. அதனுள் இரத்தக் குழாய் இல்லை; கண்ணீரினின்றும், கண்ணின் உள்ளறையிலுள்ள நீரினின்றும், வெளிக்காற்றினின்றுமே தனக்கு வேண்டுவனவற்றைப் பெற்று வாழ்கின்றது. இரத்தக் குழாய் இன்மையாலேயே ஒருவர் கருவிழி மற்றொருவர் கண்ணிற் பிற உறுப்புக்களைவிட எளிதில் ஒட்டிக்கொள்கின்றது.

இப்படலத்திற் புண் உண்டாகி ஆறினால் வெண்தழும்பு விழும்; தழும்பு நடுவே விழுந்தால் ஒளி உட்புகாது. நம் நாட்டில் இதற்கு ஆளாவோர் பெரும்பாலும் ஏழை உழவரும் கூலியாட்களுமே. அறுவடைக் காலத்தில் நெல்லின் தோகையோ கதிரோ கண்ணிற் கீறினாற் போதும். காளான் இனத்துக் கிருமிகள் புகுந்து சில நாட்களிற் கண்ணைக் குடைந்துவிடும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் இலட்சம் பேருக்கு 113 பேர் கருவிழிப்புண்ணுக்கு ஆளாகின்றனர் என 1996இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. 2015 முதல் 2019 வரை இந்திய அரசாங்கம் நடத்திய கண்ணாய்வின்படி, 50 வயதிற்குட்பட்டோரிடையே உண்டாகும் குருட்டுத்தன்மைக்குத் தலையாய காரணம் கருவிழி மங்கலே, நூற்றுக்கு 37.5 பங்கு அதனால் விளைவது. கண்புரை முதியோரைப் பற்றுவது. கருவிழிப்புண்ணோ உழைத்துக் குடும்பம் காக்கும் வயதினரை வீழ்த்துவது.

இக்குறைக்கு மாற்று 1905ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 7ஆம் நாள் முதன்முதல் வெற்றியுற்றது. மொரேவியா நாட்டு ஓல்மூட்ஸ் நகரில் எடுவர்ட் சிர்ம் என்னும் வைத்தியர், சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த தொழிலாளி ஒருவருக்கு ஒரு சிறுவனின் கருவிழியைப் பொருத்தினார். விபத்திற் கெட்டமையால் அச்சிறுவனின் கண்ணை அகற்ற வேண்டியதாயிற்று. அக்கண்ணின் கருவிழியோ கெடாமல் இருந்தது. பின்னர், ஒடெஸ்ஸா நகரத்து விளாடிமிர் ஃபிலாட்டோவ், இறந்தாரின் கருவிழியும் இதற்குப் பயன்படும் என்பதை நிலைநாட்டினார். உயிருள்ளாரிடம் இரவாமலே ஒளி தேடும் வழி அன்று திறந்தது. 1944இல் நியூயார்க்கிற் கண் வங்கி தோன்ற, அடுத்த ஆண்டே சென்னை எழும்பூர்க் கண் வைத்தியசாலையில் டாக்டர் முத்தையாவின் முயற்சியால் இந்தியாவின் முதற் கண் வங்கி ஏற்பட்டது. இத்துறையிலே தமிழகம் பிறர்க்குப் பின்னே நடந்ததன்று என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்க.

இனி 2020ஆம் ஆண்டின் செய்திக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சு 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைக் கொள்ளைநோய் எனக் கூறிற்று. மார்ச்சு 25ஆம் நாள் முதல் நம் நாடு முழுவதும் ஊரடங்கிற்று. உடனே செய்தற்கு அவசியமில்லாத சஸ்திர சிகிச்சைகள் யாவும் ஒத்திவைக்கப்பட்டன. இறந்தார் வீடு சென்று கண் பெறும் பணியும் நின்றது. ஐரோப்பாவிலும் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திற் கருவிழி சேகரிப்புப் பாதிக்குமேற் குறைந்தது. இதன் நன்மை தீமைகளை எவ்வாறு அளப்பது?

மருத்துவத்தை அளத்தற்கு நம்மிடையே ஒரு பழைய அளவுகோல் உண்டு. 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்பன அவை. கருவிழி மாற்றத்தில் மருந்தாவது இறந்தார் அளித்த கருவிழி. உதவுவோன் ஆவான் அதனைப் பெற்றுவரும் கண் வங்கி ஊழியன். இந்நால்வகைக்கும் தனித்தனியே அபாயம் எத்துணை என்று நோக்கினால் அச்சத்தின் உண்மை வடிவம் விளங்கும்.

முதலாவது, மருந்தாகிய கருவிழி. இதன்மேல் எழுந்த ஐயம் வெறும் பேதைமை என்று யாம் கூறமாட்டோம். 1978இல் அமெரிக்காவில், காரணம் அறியப்படாத நரம்பு நோயால் இறந்த ஒருவரின் கருவிழியைப் பெற்றவர் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். கொடுத்தவரின் நோயும் அதுவே என்பது பின்னரே தெரிந்தது. அத்தகைய துயரம் பின்னர் இந்தியாவிலும், பிரான்சு, தாய்லாந்து, ஈரான் ஆகிய நாடுகளிலும் நேர்ந்தது. ஆதலாற் கருவிழி வழியே வைரஸ் பரவுதல் இயலாதது அன்று. ஆயினும் அத்துயரத்தின்பின் வைத்திய உலகம் கண்தானத்தைக் கைவிட்டதா? இல்லை, விதிகளை வகுத்தது. வெறிநாய்க்கடியாலோ, இன்னதென்று தெரியாத மூளை நோயாலோ இறந்தாரின் கண்ணைப் பொருத்தலாகாது என்றும், ஒவ்வொருவர் இரத்தத்தையும் எய்ட்ஸ், ஈரல் அழற்சி முதலிய நோய்களுக்காகச் சோதித்தல் வேண்டும் என்றும் ஏற்பட்ட விதிகளே இன்றளவும் நம்மைக் காத்து வருகின்றன.

கொரோனாவைப் பற்றி நாம் அறிந்தவை யாவை? கண்ணின் மேற்பரப்பிலுள்ள உயிரணுக்களில் அவ்வைரஸ் பற்றிக்கொள்ளுதற்குரிய வாயில்கள் உள. நோயுற்றார் சிலரின் கண்ணீரிலும் அது காணப்பட்டது. ஆயின் மிகச் சிலரிடத்தே. அமெரிக்காவில் 33 பேரின் கண்களினின்றும் எடுத்த 132 கூறுகளைச் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, நூற்றுக்கு 13 அளவில் அவ்வைரஸின் மரபுப்பொருள் இருப்பதைக் கண்டது. இச்செய்தியே பலரை அஞ்சுவித்தது. ஆனால் மரபுப்பொருளின் சுவடு வேறு. உயிர்ப்புடன் பெருகும் வைரஸ் வேறு. களத்தில் உமியைக் கண்டவுடன் அங்கே நாற்று முளைக்கும் என்று கொள்ளலாகாது. செயின்ட் லூயிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் 2020இல் மனிதக் கருவிழிகளைச் சோதனைச்சாலையில் வைத்து, அவற்றின்மேற் பல வைரஸ்களைப் படியவிட்டுப் பார்த்தனர். அக்கி இனத்தைச் சார்ந்த ஹெர்பிஸும், சிக்கா வைரஸும் கருவிழியிற் பெருகின; கொரோனா வைரஸோ பெருகவில்லை. அன்றியும், இறந்தார் கண்ணை எடுக்கும்போது 5 விழுக்காடு பொவிடோன் அயோடின் கரைசலால் அதனைத் துப்புரவு செய்வது கண் வங்கிகளின் நெடுநாள் வழக்கம். கொரோனா வைரஸைச் செயலறச் செய்யும் மருந்துகளுள் அதுவும் ஒன்று. நோய் உற்றாரையும், உற்றாரோடு அண்மையிற் பழகினாரையும் விலக்கி, ஏனையோரையும் மூக்குச் சளி எடுத்துச் சோதித்தபின்னரே கருவிழி பெறப்பட்டது. இத்துணை வேலிகளுக்கும் அப்பால், கருவிழி மாற்றத்தின் வாயிலாகக் கொரோனா ஒருவர்க்குத் தொற்றியதாக உறுதிப்பட்ட செய்தி ஒன்றேனும் வெளிவரவில்லை.

இரண்டாவது, நோயாளி. அவருக்கு உற்ற அபாயம் பொருத்தப்படும் கருவிழியினின்று வருவதைவிட, வைத்தியசாலைக்கு வரும் வழியினின்றும், அங்கே நெருங்கி அமரும் கூடத்தினின்றும் வருவதே மிகுதி. கருவிழி மாற்றம் ஒருநாட் சிகிச்சையும் அன்று. தையல்களைப் பிரித்து முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மாதக்கணக்கிற் சொட்டு மருந்து விடவேண்டும். இடையே உடம்பு அப்படலத்தை அயலெனக் கண்டு எதிர்க்கத் தலைப்படலாம். கண் சிவத்தல், ஒளி கண்டு கூசுதல், பார்வை மங்குதல், வலி ஆகிய இந்நான்கில் ஒன்று தோன்றினும் காலந் தாழாமல் வைத்தியரை அடைதல் வேண்டும். பேருந்தும் இரயிலும் நின்ற காலத்தில் தொலைவிலுள்ள சிற்றூரார் எங்ஙனம் அடைவர்? முன்னரே கருவிழி பெற்றிருந்தாருக்கும் இதுவே இடர்ப்பாடாயிற்று. ஆதலால் நோயாளியின் பாதுகாப்பு என்பது சிகிச்சையறையோடு முடிவதன்று. அவர் ஊரில் ஒரு கண் பரிசோதனை நிலையம் உண்டா, தொலைபேசி வாயிலாக வைத்தியர் கிடைப்பாரா என்பவற்றைப் பொறுத்தது.

மூன்றாவது, மருத்துவர். கண்ணைச் சோதிப்பவர் நோயாளியின் மூச்சுக்கு ஒரு சாண் தொலைவில் முகம் வைத்து அமர்கின்றவர். சீனத்து வூகான் நகரிலே இப்புதிய நோயைப்பற்றித் தம் தோழர்களை முதன்முதல் எச்சரித்தவருள் ஒருவரான லீ வென்லியாங் ஒரு கண் வைத்தியரே. நீரழுத்த நோயுடன் வந்த ஒருவரிடமிருந்து நோய் தொற்றி, 2020 பிப்ரவரி 7ஆம் நாள் அவர் உயிர் துறந்தார். இவ்வபாயம் மெய், இதனைச் சிறிதாக்கிப் பேசுவது நன்றியில்லாமை. ஆயினும் சோதனைக் கருவியில் மூச்சுத் தடுப்புப் பலகை பொருத்துதல், இருவரும் முகக்கவசம் அணிதல், மயக்க மருந்திற்காகத் தொண்டையிற் குழாய் செலுத்தாமற் கண்ணை மட்டும் மரக்கச் செய்து சிகிச்சை புரிதல் ஆகிய எளிய முறைகளால் அது பெரிதும் குறைந்தது.

நான்காவது, உதவுவோனாகிய கண் வங்கி ஊழியன். கண்தானத்தைப் பற்றிய பேச்சிற் பெரும்பாலும் மறக்கப்படுபவன் இவனே. இறந்த ஆறு மணி நேரத்துள் கண்ணைப் பெறுதல் வேண்டும் என்பதால், நள்ளிரவிலும் அழுகுரல் நிறைந்த வீட்டிற்குட் புகவேண்டியவன் அவன். அங்கே நோய் இறந்தாரிடம் மட்டுமன்று, சூழ்ந்திருக்கும் சுற்றத்தாரிடமும் இருக்கலாம். எமது கருத்தில், 2020இல் வீடு சென்று கண் பெறுதலை நிறுத்தியதற்கு வலிய நியாயம் இவன் உயிரேயன்றிக் கருவிழியின் குற்றம் அன்று. இவ்வேறுபாட்டைத் தெளிந்தால் வழியும் தெளியும். வைத்தியசாலையில் வேறு நோயாலோ விபத்தாலோ இறந்தவர் முன்னரே சோதிக்கப்பட்டவர். அவர் வரலாறு ஏட்டில் உள்ளது. கவச உடை அணிந்த ஊழியன் அங்கேயே கண்ணைப் பெறலாம். ஆகவே வீட்டு வாயில் அடைபட்ட காலத்தும் வைத்தியசாலை வாயிலைத் திறந்து வைத்திருத்தல் இயலும்.

இந்நான்கையும் ஒரு தட்டில் இட்டோம். மற்றைத் தட்டில் நிறுக்க வேண்டியது நிறுத்தி வைத்தலால் விளையும் கேடு. கருவிழிக்காக உலகெங்கும் 1 கோடியே 27 இலட்சம் பேர் காத்திருப்பதாகவும், வேண்டுவோர் 70 பேருக்கு ஒரு கருவிழியே கிடைப்பதாகவும் 2016இல் வெளியான ஓர் உலகக் கணக்கு கூறிற்று. கொள்ளைநோய் வருமுன்னரே நிலைமை இது. தழும்பு விழுந்து பல ஆண்டு காத்திருந்தவர் மேலும் சில மாதம் காத்தல் கொடிது, எனினும் பொறுக்கத்தக்கது. ஆனாற் புண் குடைந்து கண் ஓட்டையாகும் நிலையில் உள்ளவருக்கோ ஒரு வாரமும் நீண்ட காலம். கருவிழி கிடையாவிடிற் கண்ணையே தோண்டி எடுக்க நேரலாம். குழந்தைகளின் நிலை வேறொரு வகையிற் கொடியது. சிறு பருவத்தில் ஒளி புகாத கண்ணுக்கு மூளை பார்க்கக் கற்றுக்கொள்வதில்லை. பின்னர்ப் படலத்தை மாற்றினும் பார்வை முழுதும் திரும்பாது. 'எல்லாவற்றையும் ஒத்திவைப்போம்' என்னும் ஆணை இவர்களுக்கு ஒத்திவைப்பு அன்று, மறுப்பேயாகும்.

சிலர், 'மூச்சு விட இயலாமல் மக்கள் மடியும்போது கண்ணைப் பற்றிப் பேசுவதா? உயிர் முந்தியதன்றோ?' என்பர். மெய், பிராணவாயுவும் படுக்கையும் செவிலியரும் போதாத நாட்களில் அவற்றை உயிர்காக்கும் பணிக்கே விடுதல் முறை. நோயின் இயல்பு தெரியாத முதல் வாரங்களிற் கண் வங்கிகள் கதவடைத்ததை யாம் குறை கூறவில்லை. இருளில் அடியெடுத்து வைக்கத் தயங்குவது அறிவே. ஆனால் விளக்கு வந்தபின்னும் தயங்கி நிற்பது அறிவாகுமா? ஆராய்ச்சி முடிவுகள் மாதந்தோறும் வெளிவந்தன; சோதனை முறைகள் பெருகின; சங்கங்கள் புது விதிகளை வகுத்தன. அதற்குப்பின்னும் 'பாதுகாப்பு' என்னும் ஒரு சொல்லைக் கூறி வாளா இருந்த இடங்களில், அச்சொல் நோயாளியைக் காக்கவில்லை. பொறுப்பேற்க அஞ்சுவோரையே காத்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பவர்மேல் வழக்கு வாராது. வாராவிடினும் ஒருவன் கண் போயிற்று.

இனி வருங்காலத்திற்குச் செய்யத்தக்கன மூன்றைக் கூற விழைகின்றோம். முதலாவது, வைத்தியசாலைகளிலேயே கண் பெறும் ஏற்பாட்டைக் கொள்ளைநோய் இல்லாத நாட்களிலேயே விரிவாக்குதல் வேண்டும். துலக்கமுறாத ஏற்பாடு ஆபத்துக் காலத்தில் உதவாது. இரண்டாவது, கண் வங்கிதோறும் நெடுநாட் காக்கத்தக்க கருவிழிகளின் சேமிப்பு வேண்டும். குளிர்நிலைத் திரவத்தில் வைத்த கருவிழி ஏறத்தாழ இரண்டு வாரத்திற்கு மேல் நில்லாது; கிளிசரினில் இட்டு வைத்ததோ பல மாதம் நிற்கும். கிளிசரினில் இட்டது தெளிந்த பார்வை தாராது எனினும், ஓட்டையுற்ற கண்ணை அடைத்துக் காக்கும். ஊரடங்குக் காலத்தில் நம் நாட்டுக் கண் வைத்தியர் பலருக்கு அதுவே கைகொடுத்தது. கண்ணைக் காத்து வைத்தாற் பின்னொரு நாள் பார்வைக்கு முயலலாம். மூன்றாவது, சிற்றூர்களிற் பார்வை நிலையங்கள் பெருகுதல் வேண்டும். மதுரையில் 1976இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்தோறும் சிறு நிலையங்கள் அமைத்து, அங்குள்ள நோயாளியைத் தொலைவிலுள்ள வைத்தியர் கம்பியில்லாச் சாதனத்தால் நோக்கும் முறையை வளர்த்துள்ளது. சாலைகள் அடைபடும் காலத்திற் கருவிழி பெற்றாரைக் காக்க இதனினும் நல்ல வழி யாம் அறியோம்.

இவையெல்லாம் அரசினர்க்கும் வைத்தியர்க்கும் உரியன. மாணவராகிய எங்களுக்கு உரியது யாது என்று நம் இளைஞர் வினவலாம். உங்களுக்கு உரியது ஒன்று உண்டு. அது நீங்கள் அல்லாமற் பிறர் செய்ய இயலாதது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை கொண்டாடப்படும் கண்தானப் பதினைந்து நாட்களிற் கையெழுத்திடுவோர் பலர். இட்டதை வீட்டாரிடம் கூறுவோர் சிலரே. உறவினர் இசைந்தாலன்றிக் கையெழுத்தினாற் பயன் இல்லை. இறந்த ஆறு மணி நேரத்துள் இசைய வேண்டியவர், துயரில் மூழ்கிய தாயும் தந்தையும் உடன்பிறந்தாருமே. அந்நேரத்தில் முதன்முறையாகக் கேட்டால் அவர்கள் எங்ஙனம் இசைவர்? கொள்ளைநோய்க் காலமாயின், 'இறந்த உடம்பைத் தொடலாமா, கண் கொடுத்தால் யாருக்கேனும் நோய் பரவுமா' என்னும் மயக்கமும் சேரும். ஆதலால் அமைதியான நாளொன்றில் வீட்டாரை அமர்த்தி, தாம் கற்ற உண்மைகளை எடுத்துரைத்தல் கற்ற பிள்ளையின் கடமை. உயிர்நூல் பயிலும் மாணவர் மரபுப்பொருளுக்கும் உயிருள்ள வைரஸுக்கும் உள்ள வேற்றுமையைத் தேர்வுத்தாளில் எழுதினாற் போதுமா? தம் பாட்டியார்க்கும் விளங்குமாறு கூறுதல் வேண்டாவா?

கண்ணப்பர் தம் கண்ணை இடந்து அப்பிய வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு உருகிய நாடு இது. அவர் உயிரோடிருக்கையில் அம்பினால் அகழ்ந்து அளித்தார். நம்மிடம் கேட்கப்படுவதோ, நமக்கு இனிப் பயன்படாத அரை மில்லிமீட்டர்ப் படலம். நமக்கு வலியும் இல்லை. அதனை எடுத்தற்கு அரைமணி நேரமும் வேண்டா. ஒருவர் அளிப்பதால் இருவர் ஒளி பெறலாம். 2023 மே 5ஆம் நாள் கொரோனாவின் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறிற்று. அந்நோய் தணிந்தது, வேறொன்று என்றேனும் வரும். அது வருமுன், நம் கல்லூரி விடுதியிலும் வகுப்பிலும் இல்லத்திலும் இதுபற்றிய பேச்சு நிகழ்தல் வேண்டும். இவ்விதழைப் படித்து மூடும் நண்பர் இன்று மாலையே தம் வீட்டார்க்கு இதனைக் கூறுவாராக.